ஓடையோரத்து ஊசித்தும்பி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டோடைகளிலும் சதுப்புகளிலும் திரியும், தட்டானுக்கு உறவான மெல்லுடல் ஊசித்தும்பிகளை எப்படி இனம் பிரித்து அறிவது என்று வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டோம். படம் மட்டும் அனுப்பி "இது என்ன?" என்று கேட்டவர்கள் இரண்டாவது பதிலை முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: மழைக்கு முந்தைய இரவுகளில் திண்ணை விளக்குக்கு நீண்ட உடலும் வலைபோன்ற இறக்கையும் கொண்ட பூச்சி வருகிறது. இது ஊசித்தும்பிதானே?

பதில்: விளக்குக்கு வந்தது அநேகமாகக் குழியானையின் வளர்ந்த பருவம். மணலில் கூம்புபோலக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அதேதான். உணர்கொம்பைப் பாருங்கள். குழியானைப் பூச்சிக்கு அது தடித்து, நுனியில் குண்டாக முடியும். ஊசித்தும்பிக்கு மயிரிழை அளவுதான் உணர்கொம்பு. உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாது.

தட்டானிலிருந்து ஊசித்தும்பியைப் பிரிக்க, முகத்துக்கு நேரே பாருங்கள். ஊசித்தும்பியின் இரு கண்களுக்கு நடுவே இன்னொரு கண்ணை வைக்கும் அளவுக்கு இடம் இருக்கும். சில தட்டான்களுக்கும் கண்கள் ஒட்டாமல் தள்ளித்தான் இருக்கும். ஆனால் அவற்றின் உடல் தடித்தது; பின்னிறக்கையின் அடி, முன்னிறக்கையைவிட அகன்றது. ஊசித்தும்பிக்கு நான்கு இறக்கைகளும் ஏறத்தாழ ஒரே வடிவம். "உட்காரும்போது இறக்கையை மூடினால் ஊசித்தும்பி" என்பது பாதி உண்மைதான். லெஸ்டிஸ் பேரினத்தவை இறக்கையைப் பாதி விரித்தே அமரும்.

கேள்வி: இரண்டு நாள் ஓடையோரம் அலைந்து முந்நூறு படம் எடுத்தேன். அறிந்தவர்களிடம் காட்டினால் "இதை வைத்து இனம் சொல்ல முடியாது" என்கிறார்கள். படம் தெளிவாகத்தானே இருக்கிறது?

பதில்: தெளிவாக இருப்பது வேறு, தேவையான இடம் தெளிவாக இருப்பது வேறு. முந்நூறும் ஒரே கோணமாக இருந்தால் அது ஒரு படம்தான்.

ஓர் உயிருக்கு ஐந்து படங்கள் வேண்டும். முதலாவது, உடலுக்கு நேர் பக்கவாட்டில் முழு உருவம். கேமராவின் முகம் தும்பியின் உடலுக்கு இணையாக இருக்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் தலை தெளிவாகி வால் மங்கிவிடும். இரண்டாவது, மேலிருந்து முழு உருவம். மூன்றாவது, தலையும் முன்மார்பும் நெருக்கமாக. முன்மார்பு என்பது தலைக்கும் பெரிய மார்புக்கும் இடையே கழுத்துப்பட்டைபோல இருக்கும் சிறு பகுதி. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பெண் தும்பியை அறிய இதைவிட நல்ல இடம் கிடையாது. நான்காவது, வால் நுனி, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும். ஐந்தாவது, இறக்கை, நரம்பு எண்ணும் அளவுக்கு.

வால் நுனியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வால் என்று நாம் சொல்லும் நீண்ட வயிறு பத்துத் துண்டுகளால் ஆனது; ஒவ்வொன்றும் ஒரு கண்டம். ஆணின் 10-ஆம் கண்டத்துக்குப் பின்னால் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என நான்கு கவ்விகள் உண்டு. புணர்ச்சியின்போது பெண்ணின் முன்மார்பை இவற்றால்தான் ஆண் பற்றுகிறது. பூட்டுக்குச் சாவிபோல, இனத்துக்கு இனம் இவற்றின் வளைவும் முள்ளும் நீளமும் மாறும். நிறம் வயதுக்கு ஏற்ப மாறும், கவ்வி மாறாது. அதனால் தீர்ப்பு சொல்லும் உறுப்பு இதுவே.

கருவி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 90 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான மேக்ரோ லென்ஸ் போதும். துளை எண் 8 முதல் 11 வரை, ஷட்டர் 1/160 அல்லது 1/200, ஐஎஸ்ஓ 400 முதல் 800 வரை, ஒளியைப் பரப்பும் வெள்ளைத் தாளோ துணியோ மாட்டிய ஃபிளாஷ். துளையை 2.8-க்குத் திறந்தால் கண் மட்டும் அழகாக வரும், வால் காணாமல் போகும். ஃபிளாஷ் அதிகமானால் வேறொரு கேடு: வெளிர்நீலமும் பாலேட்டு நிறமும் வெள்ளையாக வெளுத்துவிடும். நிழல்வாழ் இனங்களில் இந்த இரு நிறங்களுக்கும் இடையேதான் சில நேரம் வழக்கே இருக்கிறது. ஒளியளவை ஒரு படி குறைத்து இன்னொரு படம் எடுத்து வையுங்கள்.

அளவும் வேண்டும். அமர்ந்திருந்த இலை அல்லது குச்சியை, தும்பி பறந்தபின் மில்லிமீட்டர் அளவுகோலுடன் அதே தூரத்தில் இன்னொரு படம் எடுத்தால் பின்னிறக்கையின் நீளத்தைப் பின்னால் கணக்கிடலாம்.

கேள்வி: புத்தகத்தை எடுத்தால் நேரே இனத்துக்குப் போகத் தோன்றுகிறது. குடும்பத்தை முதலில் பிடிக்கச் சொல்கிறார்கள். களத்தில் நின்றபடியே குடும்பம் சொல்ல வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் எளிது. இறக்கையின் முன்விளிம்பில், அடியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறு மடிப்பு தெரியும். அதுதான் கணு. இறக்கை அடிக்கும் கணுவுக்கும் இடையே முன்விளிம்பை ஒட்டி எத்தனை குறுக்கு நரம்புகள் என்று எண்ணுங்கள். இரண்டே இரண்டு என்றால் ஒரு பக்கம். ஐந்துக்கு மேல், பத்து இருபது என்று போனால் மறுபக்கம். பாதி வேலை இங்கேயே முடிந்தது.

பல நரம்பு உள்ளவை நம் ஓடைகளில் மூன்று குடும்பங்கள். உலோகப் பச்சை உடலும், அடியில் காம்புபோல ஒடுங்காத அகன்ற இறக்கையும், நெருக்கமான வலைநரம்பும் இருந்தால் கலோப்டெரிஜிடே. நியூரோபேசிஸ், வெஸ்டாலிஸ் இரண்டும் இதில் அடங்கும். நியூரோபேசிஸ் சைனென்சிஸ் ஆணின் பின்னிறக்கை வெயிலில் பச்சையாக மின்னும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். உடல் தடித்து, கருத்து, பாறையில் நீர் அடித்து ஓடும் இடத்தில் அமர்ந்திருந்தால் யூஃபேயிடே. முகம் முன்னோக்கி மூக்குபோல நீண்டு, வயிறு இறக்கையைவிடக் குட்டையாக இருந்தால் குளோரோசைஃபிடே. வயிற்றைவிட இறக்கை நீண்டு நிற்கும் ஊசித்தும்பியைக் கண்டால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

இரண்டு நரம்பு உள்ளவற்றில் இறக்கையைப் பாதி விரித்து அமர்பவை, பெரிய இறக்கைப் பொட்டு உள்ளவை, லெஸ்டிடே. (இறக்கைப் பொட்டு என்பது நுனிக்கு அருகில் முன்விளிம்பில் இருக்கும் நிறமேறிய கட்டம்.) இதில் இண்டோலெஸ்டிஸ் மட்டும் வீம்புக்கு இறக்கையை மூடி அமரும். வயிறு இறக்கையோடு பொருந்தாத அளவுக்கு நீண்டு நூலாகத் தொங்கினால் பிளாட்டிஸ்டிக்டிடே. மீதி உள்ளவை பிளாட்டிக்னெமிடிடேயும் சீனாக்ரியோனிடேயும். இவற்றைப் பிரிக்க, இறக்கை அடியில் இருக்கும் நாற்கரக் கட்டத்தைப் பாருங்கள். அது ஏறத்தாழச் செவ்வகமாக இருந்தால் பிளாட்டிக்னெமிடிடே. வெளிப்பக்க மூலை கூராகச் சாய்ந்திருந்தால் சீனாக்ரியோனிடே. இதற்கு 10 மடங்கு கைலென்ஸோ, இறக்கைக்கு இணையாக எடுத்த படமோ வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கத்து ஓடையில் வெஸ்டாலிஸ் இரண்டு வகை சேர்ந்தே இருக்கின்றன. இறக்கை நுனி கருத்திருந்தால் ஏப்பிகாலிஸ், தெளிந்திருந்தால் கிராசிலிஸ் என்று குறித்து வருகிறேன். இது சரிதானா?

பதில்: முதல் பாதி சரி. நுனி கருத்த முதிர்ந்த ஆண் ஏப்பிகாலிஸ்தான். மறுபாதியில்தான் பிழை. ஏப்பிகாலிஸின் இளந்தும்பிக்கு நுனிக் கருமை இன்னும் ஏறியிருக்காது. பெண்ணிலும் அது மங்கல். ஆகவே தெளிந்த இறக்கை என்பது கிராசிலிஸுக்குச் சான்றாகாது. மலை உச்சிப்பக்க ஓடைகளில் சப்மான்டானா என்ற மூன்றாவது இனமும் இருக்கிறது, அதற்கும் இறக்கை தெளிவே.

தெளிந்த இறக்கை கொண்ட ஆணின் மேல்கவ்வியை மேலிருந்து படமெடுத்து ஒப்பிடுங்கள். இறக்கையில் கண்ணாடிப் பளபளப்பு இருந்தால் அது இளந்தும்பி. அதைப் பேரினத்தோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் பழைய குறிப்பேட்டில் கிராசிலிஸ் என்று எழுதிய எல்லாவற்றையும் அடிக்க வேண்டாம். "தெளிந்த இறக்கை வெஸ்டாலிஸ்" என்று திருத்தினால் போதும்.

வெஸ்டாலிஸுக்கு ஆண், பெண் இரண்டுக்கும் இறக்கைப் பொட்டு கிடையாது. நியூரோபேசிஸ் ஆணுக்கும் கிடையாது. பெண்ணுக்கு மட்டும் பொட்டுபோல வெள்ளைத் திட்டு உண்டு. பெண்ணைக் கண்டு குழம்பும்போது இது உதவும்.

கேள்வி: பிளாட்டிஸ்டிக்டிடே குடும்பத்துப் புரோட்டோஸ்டிக்டா இனங்கள் எல்லாமே ஒன்றுபோல இருக்கின்றன. புதிது புதிதாக வேறு சேர்ந்துகொண்டே இருக்கின்றன. எங்கே தேடுவது, எதை வைத்துப் பிரிப்பது?

பதில்: தேடும் இடத்தைச் சொன்னாலே பாதி பதில் ஆகிவிடும். ஓடையின் நடுவில் வெயில் விழும் பாறையில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. கரை சரிந்து, வேர்கள் திரைபோலத் தொங்கி, நீர் சொட்டும் இருண்ட இடுக்குகள்தான் இவற்றின் வீடு. குனிந்து பார்க்க வேண்டும். முழங்கால் உயரம், அதற்கும் கீழே. உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த குச்சியோடு குச்சியாகிவிடும். பறந்தால், உடல் இருளில் மறைந்து, வெளிர்ப் பொட்டுகள் மட்டும் மிதந்து போவதுபோலத் தெரியும். ஆகவே நடப்பதைவிட ஓர் இடுக்கின் முன் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பது பலன் தரும். பலவீனமான பறவல் என்பதால் கலைத்தாலும் நெடுந்தூரம் போகாது, ஓரிரு அடி தள்ளி மறுபடி தொங்கும். கோடை மழை தொடங்கியதிலிருந்து பருவமழையின் இடைவெளி நாட்கள் வரை நல்ல காலம்.

பிரிப்பதற்கு இந்த வரிசையில் போங்கள். முதலில் முன்மார்பின் நிறம்: முழுக்கப் பாலேட்டு நிறமா, கரும்பட்டை உண்டா, அல்லது முழுக்கக் கருமையா? அடுத்து மார்பின் பக்கவாட்டுப் பட்டைகளின் எண்ணிக்கையும் நிறமும். பிறகு இறக்கைப் பொட்டு: சாங்வினோஸ்டிக்மாவின் பொட்டு பெயருக்கேற்ப இரத்தச் சிவப்பு, ரூஃபோஸ்டிக்மாவிலும் செம்மை உண்டு. பிறகு கால்: சயனோஃபிமோராவின் தொடை நீலம். பிறகு வயிற்றின் 8, 9-ஆம் கண்டங்களில் வெளிர்நிறம் எதில், எவ்வளவு என்பது. கண்டங்களை முன்னிருந்து எண்ணினால் தவறும். முதல் கண்டம் குட்டையாக மார்போடு ஒட்டிக்கிடப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். வால் நுனியை 10 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். கடைசியாகக் கவ்விகள்.

இந்த ஆறில் குறைந்தது நான்கு கிடைத்தால்தான் இனப்பெயர் எழுதலாம். 2020-இல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் சயனோஃபிமோரா, மிரிஸ்டிகேயென்சிஸ், சோலை என மூன்று புதிய இனங்கள் இந்தப் பேரினத்தில் விவரிக்கப்பட்டன. சோலை கிடைத்தது மேகமலையில். அதன்பிறகும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே பத்தாண்டுக்கு முந்தைய கையேட்டில் உங்கள் தும்பி ஏதோ ஓர் இனத்தோடு "கிட்டத்தட்ட" ஒத்துப்போனால் அந்தக் கிட்டத்தட்டவைச் சந்தேகப்படுங்கள். எந்த மலை, எந்தக் கணவாய்க்குத் தெற்கா வடக்கா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இவை நெடுந்தூரம் பறந்து பரவும் பூச்சிகள் அல்ல. பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒருபுறம் இருக்கும் இனம் மறுபுறம் இல்லாமல் போகலாம்.

கேள்வி: ஜாதிக்காய்ச் சதுப்புக்கு முதன்முறை போகிறோம். அங்கே என்ன ஊசித்தும்பிகளை எதிர்பார்க்கலாம்? நடப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: காட்டு ஜாதிக்காய்க் குடும்பத்து மரங்கள் வேரூன்றி நிற்கும் நன்னீர்ச் சதுப்பு இது. 1960-இல் கிருஷ்ணமூர்த்தி என்பவர் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து முதலில் பதிவு செய்தார். கேரளத்தின் குளத்துப்புழை, கர்நாடகத்தின் கத்தலேகான் போன்ற இடங்களில் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. சேற்றிலிருந்து முழங்காலை மடக்கியதுபோல எழுந்து நிற்பவை ஜிம்னகிராந்தெரா மரத்தின் மூச்சுவேர்கள். தூண்போல ஊன்றி நிற்பவை மிரிஸ்டிகா மேக்னிஃபிகாவின் ஊன்றுவேர்கள். மூச்சுவேரில் மிதிக்கக் கூடாது. சேற்றைக் கலக்கவும் கூடாது; கலங்கிய நீரில் நீங்கள் தேடி வந்த தும்பியின் இளவுயிரிகளும் இருக்கின்றன.

எதிர்பார்க்கத்தக்கவை: ஃபில்லோநியூரா வெஸ்டர்மன்னி, கருமையில் நீலம் தீட்டியது, தன் கூட்டத்தில் பெரியது. இண்டோஸ்டிக்டா டெக்கானென்சிஸ், காவி கலந்த மஞ்சள், பிளாட்டிஸ்டிக்டிடேயில் இந்த நிறத்தால் தனித்துத் தெரிவது. கேலோசைஃபா லெய்ட்லாவி, முகம் நீண்டது, இறக்கை தெளிந்தது. குளத்துப்புழையில் என்றால் புரோட்டோஸ்டிக்டா மிரிஸ்டிகேயென்சிஸ். அது முதலில் கிடைத்த இடமே அதுதான். ஆனால் "சதுப்பில் பார்த்தோம், ஆகவே சதுப்பு இனம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபில்லோநியூராவும் கேலோசைஃபாவும் சதுப்புக்கு வெளியே நிழலோடைகளிலும் உண்டு. மறுபுறம், ஊர்க்குளத்துத் தும்பிகள் சில சதுப்பின் திறந்த விளிம்புக்கு வரும். வெயில் விழும் திட்டில் பார்த்ததா, அடர்நிழலில் பார்த்ததா என்று குறிப்பது அதற்காகத்தான்.

ஃபில்லோநியூரா, கேகோநியூரா, எஸ்மி, மெலனோநியூரா ஆகிய நான்கு பேரினங்களும் கருமையும் நீலமுமாக ஒன்றையொன்று ஒத்திருக்கும். 7 முதல் 10 வரையிலான ஒவ்வொரு கண்டத்திலும் நீலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தனித்தனியாகக் குறியுங்கள். "வால் நீலம்" என்று எழுதிய குறிப்பால் ஒரு பயனும் இல்லை. இவற்றோடு புரோடசிநியூரா வெர்ட்டிகாலிஸைக் குழப்ப வாய்ப்பில்லை. முதிர்ந்த ஆணுக்கு மார்பில் சிவப்புக் கோடு ஓடும்.

கேள்வி: யூஃபேயா ஆணை எப்படி இனம் பிரிப்பது?

பதில்: பின்னிறக்கையின் கருமையைப் பாருங்கள். நுனியில் மட்டுமா, பாதிவரை வருகிறதா, கணுவைத் தொடுகிறதா? பக்கவாட்டில் எடுத்த படத்தில் முன்னிறக்கை பின்னிறக்கையை மறைக்கும். இந்த ஆண்கள் பாறையில் அமர்ந்தபடி இறக்கையை அவ்வப்போது விரித்து மூடும். அந்த நொடிக்குக் காத்திருங்கள். கருமையின் எல்லை, கால் நிறம், வயிற்றில் சிவப்பு எந்தக் கண்டம்வரை என்பவற்றைச் சேர்த்துக் குறித்தால் பெரும்பாலும் முடிவுக்கு வரலாம். இறக்கை முழுக்கத் தெளிந்து, உடல் முழுக்கக் கரியாக இருந்தால் டிஸ்ஃபேயா எதெலாவா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரே ஓடையில் வெள்ளை வெளேர் என்று ஒன்று, மஞ்சள் காலோடு ஒன்று. இரண்டும் ஒரே இனம் என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: நம்பலாம். கொப்பெரா மார்ஜினிபெஸ் புதிதாகச் சட்டை கழற்றி வந்தபோது பேய்போல வெளுத்திருக்கும். நாளாக நாளாகக் கருமை ஏறி, ஆணின் கால்கள் பளிச்சென்ற மஞ்சளாகும். கூடவே திரியும் கொப்பெரா விட்டாட்டாவின் கால் செம்மை கலந்தது.

ஊசித்தும்பியில் நிறம் என்பது வயதும் பாலும் சேர்ந்து எழுதுவது. சில இனங்களில் பெண்ணே இரண்டு மூன்று நிறவடிவங்களில் வரும். அதில் ஒன்று ஆணைப்போலவே இருந்து ஏமாற்றும். அப்போது நிறத்தை விட்டு உறுப்பைப் பாருங்கள். 2-ஆம் கண்டத்தின் அடியில் புடைப்பு இருந்தால் ஆண். 9-ஆம் கண்டத்தின் அடியில் கத்திபோல முட்டையிடும் உறுப்பு இருந்தால் பெண். வயது முதிர்ந்த சில ஆண்களில் மார்பின் மேல் விபூதி பூசியதுபோல மெழுகுத்தூள் படிந்து அடியிலுள்ள கோடுகளை மறைத்துவிடும். புத்தகத்தில் உள்ள கோடு உங்கள் படத்தில் இல்லை என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

தனியாகக் கிடைத்த பெண்ணுக்குப் பெயர் வைக்க நல்ல வழி, ஆணோடு இணைந்த நிலையில் பார்ப்பது. இணைகூட எப்போதாவது தவறான இனத்தோடு கோர்த்துக்கொள்வது உண்டு. ஒரு ஜோடியை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று பாருங்கள்.

கேள்வி: மார்பின் அடியில் சிவப்பு மணிகள் கோத்ததுபோல இருந்தன. எந்த நூலிலும் இந்த அடையாளம் இல்லை. புதிய இனமாக இருக்குமோ?

பதில்: அவை நீர்ச் சிலந்திப்பேன்களின் இளம்பருவம். தும்பி நீரிலிருந்து வெளிவரும்போது ஒட்டிக்கொண்டு உடல்நீரை உறிஞ்சும். இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகாமல் இருப்பதே அடையாளம். உடலின் இயல்பான பொட்டு இடமும் வலமும் சமமாக இருக்கும்.

கேள்வி: பறக்கும் தும்பி கிடைக்காத நாட்களில் இளவுயிரி கழற்றிவிட்டுப் போய்க் கரையில் ஒட்டிய தோல்சட்டைகளை வைத்து இனம் சொல்ல முடியுமா?

பதில்: குடும்பம் நன்றாகச் சொல்லலாம், இனம்வரை போவது கடினம். வால் நுனியில் மூன்று செவுள் இதழ்கள் இருந்தால் ஊசித்தும்பி. மூன்றுக்குப் பதில் இரண்டு முள்போல இருந்தால் குளோரோசைஃபிடே. உணர்கொம்பின் முதல் கண்டம் மற்றவை எல்லாம் சேர்ந்த நீளத்துக்கு இருந்தால் கலோப்டெரிஜிடே. வயிற்றின் பக்கவாட்டில் ஜோடி ஜோடியாகச் செவுள் இழைகள், வாலில் பை போல உப்பிய செவுள்கள் என்றால் யூஃபேயிடே. இவை வேக நீரில் கல்லின் அடிப்புறம் ஒட்டி வாழ்பவை. செவுள் இதழ்கள் எளிதில் முறியும். சட்டையை விரலால் பிடுங்காமல், ஒட்டியிருக்கும் இலையையோ வேர்த்துண்டையோ சேர்த்து நறுக்கிச் சிறு டப்பியில் போடுங்கள். காய்ந்து நொறுங்கினால் வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்தால் இளகும். ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் அதே பக்கம் கீழே இருக்கும்படி திரும்ப வையுங்கள்.

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காக மாதிரி சேகரிக்க வேண்டியிருக்கிறது. அசிட்டோனில் எவ்வளவு நேரம் வைப்பது? எங்களுடையவை கருத்துப்போகின்றன.

பதில்: முதலில் அனுமதி. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் ஆய்வுக்கு நுழையவும் உயிரைப் பிடிக்கவும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி. கல்லூரிக் கடிதம் அதற்கு மாற்றாகாது.

கருத்துப்போவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் உணவும் கொழுப்பும் அழுகுவது. பிடித்த தும்பியை முக்கோணக் காகித உறையில் சில மணி நேரம் உயிரோடு வைத்தால் குடல் காலியாகும். மரபணு ஆய்வு தேவை என்றால் அசிட்டோனுக்கு முன்பே ஒரு காலை எடுத்து 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போட்டு அதே எண்ணை எழுதுங்கள். பிறகு அசிட்டோனில் ஒருமுறை தோய்த்து, உயிர் அடங்கியதும் எடுத்து, வயிற்றை நேராக்கி, இறக்கைகளை மேலே சேர்த்து மூடி, உறையோடு ஓர் இரவு ஊறவையுங்கள். பகல் முழுக்கத் தாமதித்து ஊறவைத்தால் பயன் குறைவு. அழுகல் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். பத்து இருபது மாதிரிக்கு ஒருமுறை அசிட்டோனை மாற்றுங்கள். மஞ்சளாகிய அசிட்டோன் கொழுப்பால் நிறைந்துவிட்டது என்று பொருள். எடுத்தபின் காற்றில் உலர விடுங்கள். மெழுகுத்தூள் அசிட்டோனில் கரைந்துவிடும் என்பதால் தோய்க்கும் முன் படம் எடுப்பது கட்டாயம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஆவியில் மயக்கம் வரும். சில பிளாஸ்டிக்கைக் கரைக்கும். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டி நல்லது.

உறையின் மேல் பென்சிலில் எழுதுங்கள். அசிட்டோன் பேனா மையை அழித்துவிடும். தேதி, இடம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், ஓடையா கசிவா சதுப்பா, நிழலா வெயிலா, அமர்ந்த உயரம், பிடித்தவர். இவை இல்லாத மாதிரி, எவ்வளவு அழகாக உலர்ந்தாலும், பூச்சிப் பெட்டியில் கிடக்கும் அலங்காரம்.

பார்த்துவிட்டு விடுவதாக இருந்தால் நான்கு இறக்கைகளையும் முதுகின் மேல் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். காலைப் பிடித்தால் கால் கையோடு வந்துவிடும். கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, தும்பியை லென்ஸை நோக்கிக் கொண்டு வாருங்கள். 10 மடங்கு லென்ஸுக்கு ஓர் அங்குலத் தொலைவில் தெளியும். இளந்தும்பியைத் தொடவே வேண்டாம். இறக்கை மடங்கிவிட்டால் நிமிராது.

கேள்வி: படத்தைப் பார்த்து இனம் சொல்லும் செயலி ஒரு பெயர் சொல்கிறது, ஃபிரேசரின் பழைய நூல் வேறு பெயர் சொல்கிறது. எதை எழுதுவது?

பதில்: இரண்டு வேறு சிக்கல்கள் இவை. ஃபிரேசரின் பிரிட்டிஷ் இந்தியத் தும்பித் தொகுதிகள் 1933, 1934, 1936-இல் வந்தவை. ஊசித்தும்பிகள் முதல் தொகுதியிலும் இரண்டாவதின் முற்பகுதியிலும். விவரிப்பு இன்றும் பொன், பெயர்தான் மாறியிருக்கிறது. அன்று ரைனோசைஃபா பைசிக்னேட்டா, இன்று ஹீலியோசைஃபா. அன்று பிளாட்டிஸ்டிக்டா டெக்கானென்சிஸ், 2016 முதல் இண்டோஸ்டிக்டா. புரோட்டோநியூரிடே என்று பழைய நூல்களில் இருக்கும் நம் ஊர் இனங்கள் இன்று பிளாட்டிக்னெமிடிடேயில். இலங்கையின் டிரெபனோஸ்டிக்டாக்கள் இன்று சிலோனோஸ்டிக்டா. பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியலை நூலின் உள்ளட்டையில் ஒட்டிவையுங்கள்.

செயலியின் சிக்கல் வேறு. அது நிறத்தையும் தோரணையையும் பார்த்து, தன்னிடம் அதிகப் படங்கள் உள்ள இனத்தின் பக்கம் சாயும். அரிய புரோட்டோஸ்டிக்டாவைக் காட்டினால் சாதாரண கிரேவ்லியியின் பெயர் வருவது அதனால்தான். செயலி சொல்வதைக் குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் ஏற்றுக்கொள்ளுங்கள். இனப்பெயரைக் கவ்வியின் படம் கையில் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் "புரோட்டோஸ்டிக்டா, ஆண், இனம் தெரியவில்லை" என்று எழுதி, எந்த ஓடை, எந்த உயரம் என்பதைச் சேர்த்து வையுங்கள். அடுத்த மழைக்கு அதே இடுக்குக்குப் போய் வால் நுனியைப் படமெடுத்து வரலாம்.